உள்ளே இருக்கும் வரைக்கும்

தனபாலண்ணன் ஃபோனை அணைக்கும் விதம் தனி. சட்டைப் பையிலிருந்து எடுத்து, பக்கத்துப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். திரை இருண்ட பிறகும் விரலை எடுக்கமாட்டார். அந்தக் கறுப்பில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால்தான் அணைந்ததாக அவருக்குக் கணக்கு. பிறகு அவருடைய மனைவி கோமதி, ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வைத்துத் தைத்துக் கொடுத்த உறைக்குள் அதை நுழைப்பார். கேட்டுச் சுவரில் வரிசையாக இருக்கும் சின்ன மரப் பெட்டிகளில் தன்னுடையதைத் திறந்து, ஃபோனைக் கவிழ்த்து வைத்துப் பூட்டுவார். பூட்டிய பிறகு காதை அந்தக் கதவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோவார். அணைத்த ஃபோன் அடிக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்பார்.

என் ஜன்னல் அந்தப் பெட்டிகளுக்கு நேர் எதிரே இருந்தது. நான் பில் போடும் அறையில் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு இன்வாய்ஸ் அடித்துக் கொடுப்பவன். அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் என்னை யாரும் கவனிப்பதில்லை. அதனால் நிறையப் பார்க்கக் கிடைத்தது.

வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் டெர்மினல். வேகன்களில் வரும் டீசலும் பெட்ரோலும் பெரிய டேங்க்குகளில் இறங்கும். அங்கிருந்து லாரிகளில் ஏறிப் பாலக்காட்டுப் பக்கமும் ஆனைகட்டி, அட்டப்பாடிப் பக்கமும் பங்க்குகளுக்குப் போகும். கேட்டைத் தாண்டி உள்ளே தீப்பெட்டி, பீடி, ஃபோன் எதுவும் போகக்கூடாது. எண்ணெய் ஆவிக்கு ஒரு பொறி போதும். ஃபோனைப் பெட்டியில் வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போகவேண்டும். மேனேஜரானாலும் இதுதான் சட்டம்.

தனபாலண்ணன் வேலந்தாவளத்துக்காரர். அப்பா காலத்துத் தென்னந்தோப்பு, போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் கிடைக்காமல் பாதி பட்டுப்போனது. டெர்மினல் கட்டும்போது டேங்க்குக்கு அஸ்திவாரம் தோண்ட வந்தவர், கட்டி முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. முதலில் லாரிக்கு எர்த் ஒயர் மாட்டுகிற வேலை, பிறகு லாரி மேல் ஏறி எண்ணெய் நிரப்புகிற வேலை, கடைசியில் கேண்ட்ரி முழுவதற்கும் ஷிஃப்ட் இன்சார்ஜ். லாரிகள் வந்து நின்று எண்ணெய் பிடிக்கும் உயரமான மேடையைத்தான் கேண்ட்ரி என்போம். கொரோனா அடைப்பின்போது ஆம்புலன்ஸ்களுக்கு டீசல் நிற்கக்கூடாது என்று இவரும் இன்னும் சிலரும் உள்ளேயே பாய் போட்டுக் கிடந்தார்கள். அப்போது கம்பெனி மேனன் முதலாளியுடையது. முதலாளியே சமையற்காரரை அனுப்பிவைத்தார். அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தனபாலண்ணன், "சோறு போட்டாருங்க, சும்மா சொல்லக்கூடாது" என்பார். அதற்கு மேல் முதலாளியைப் பற்றி அவர் எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

மேனன் இறந்த பிறகு மகன்கள் மும்பைக்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள். வேகன்கள் குறைந்தன. நிரப்புகிற குழாய்களைக் கம்ப்யூட்டர் திறந்து மூடும்படி மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. ஆள் குறைப்பு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "அந்த மேட்டர்" என்பார்கள்.

அந்த மேட்டர் முதலில் பம்ப் ஹவுஸ் குப்பண்ணனுக்கு வந்தது. டீ குடிக்க வெளியே வந்தவர், வீட்டுக்குப் பேசலாம் என்று பெட்டியைத் திறந்தார். கையில் எடுத்ததுமே ஃபோன் அடித்தது. மும்பை நம்பர். என் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். "யெஸ் மேடம். யெஸ் மேடம். ஓகே மேடம்." அவ்வளவுதான். பிறகு டோக்கனைக் கொண்டுவந்து காவலாளி ஆசீர்வாதத்தின் மேஜைமேல் வைத்தார்.

"என்னண்ணே, டீ குடிக்கலையா?" என்றார் ஆசீர்வாதம். அவர் வண்டன்மேட்டுக்காரர். ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

"குடிச்சாச்சுங்க" என்றார் குப்பண்ணன். டம்ளர் அப்படியே திண்டில் ஆறிக்கொண்டிருந்தது. "பொழுதோட ஊட்டுக்குப் போயி நெம்ப நாளாச்சுங்க. இன்னைக்குப் போறேன்."

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை யாரும் சாதாரணமாகப் பார்க்கவில்லை. சைலண்டில் போட்ட ஃபோன் மரத்தின் மேல் நடுங்கும்போது, பலகைக்குள் வண்டு குடைவது போல ஒரு சத்தம் வரும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் நேராகப் பெட்டிக்குப் போகாமல் முதலில் ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்ப்பார்கள்.

"கெடந்து துடிச்சுச்சுண்ணே, ரெண்டு தடவ."

"யாருதுங்க?"

"உங்களுது இல்ல. போங்க, போய்ச் சாப்பிடுங்க."

வந்த அழைப்பெல்லாம் மும்பை அழைப்பா என்று யாருக்கும் தெரியாது. பாதி பேருக்கு வீட்டுக்காரிதான் கூப்பிட்டிருப்பாள். ஆனாலும் அந்த மாதத்தில் நாலைந்து பேர் கேட்டோடு போனார்கள். எல்லோருக்கும் ஃபோனில்தான் சொன்னார்கள்.

ஜிதின்தான் அந்த யோசனையைச் சொன்னது. கேண்ட்ரியில் தனபாலண்ணனுக்குக் கீழே வேலை பார்க்கும், பாலக்காட்டுப் பக்கத்துப் புதுசேரிப் பையன். தமிழையும் மலையாளத்தையும் ஒரே வாயில் போட்டு மெல்லுவான். கேன்டீனில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அவங்க விளிச்சு, நம்ம எடுத்து, சரின்னு சொன்னாதான் சேட்டா அது நோட்டீஸ். இல்லெங்கில் வெறும் மிஸ்டு கால். மிஸ்டு காலுக்கு ஆரெங்கிலும் வேலய விட்டுப் போவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தனபாலண்ணன் சிரிக்கவில்லை.

"அப்ப எடுக்காட்டி?"

"எடுக்காட்டி என்ன? நம்ம உள்ளயல்லே இருக்கோம். உள்ள ஃபோன் பாடில்லா. சட்டம் அவங்க போட்டதுதானே!"

கேலிக்குச் சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது. ஆட்கள் வெளியே டீக்கு வருவதை நிறுத்தினார்கள். லீவு எடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்த ஷிஃப்ட்டுக்கும் நான் நிற்கிறேன் என்றார்கள். கேட்டுக்கு உள்ளே ஓய்வறையில் பாய்கள் மறுபடி வந்தன. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ரயில் போகும். மலை ஓரமாக மேகம் இறங்கும். எதிர்சாரியில் லாரிகள் செக்போஸ்ட்டைப் பார்த்து உறுமும். அந்தச் சத்தங்களெல்லாம் உள்ளே கேட்கும், ஃபோன் சத்தம் மட்டும் கேட்காது. வேலிக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே போகிறவனைத் தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. ஆனாலும் யாரும் போகவில்லை.

தனபாலண்ணன்தான் அதிகம் நின்றார். வீட்டுக்குப் போனாலும் ஃபோனைத் திறப்பதில்லை. பேட்டரி போய்விட்டது, கடையில் கொடுக்கவேண்டும் என்று கோமதியிடம் சொல்லியிருந்தார். அந்த மேட்டர் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என்னிடம் அவரே சொன்னார். "சொன்னா வெசனப்படுவாளுங்க தம்பி. அவளுக்கு இந்தக் கம்பெனின்னா கோயிலாட்டம்."

கோமதியக்கா ஒருநாள் கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் டிபன் கேரியர். வெயிலில் பஸ் மாறி வந்திருந்தார். ஆசீர்வாதம் கேரியரை வாங்கி உள்ளே கொடுத்தனுப்பிய பிறகும், போகாமல் என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, உள்ள அத்தன வேலைங்களா?"

"ஆமாங்கக்கா. ஆள் கொஞ்சம் கம்மி."

"அதான பாத்தேன். ரெண்டு நாளா ஊட்டுப் பக்கமே காணமே." கண்ணைச் சுருக்கி வேலிக்கு அப்பால் கேண்ட்ரியைப் பார்த்தார். தூரத்தில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் மட்டும் தெரிந்தன. "அவரு இல்லாட்டி ஒரு லாரியும் நகராதாட்டம் இருக்குது. இல்லீங்களா?"

அதைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, "ஆமாங்கக்கா" என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

இந்தக் கூத்தை மும்பைக்காரர்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார்கள். எச்.ஆர். மேடம் அம்ருதா நேரில் வந்து, கேன்டீனில் எல்லோரையும் கூட்டி கேக் வெட்டினார். ஆள் குறைக்கிற காலத்தில் மற்ற டெர்மினல்களில் லீவும் சண்டையுமாக இருக்கிறதாம். இங்கே மட்டும் வருகைப் பதிவு முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருக்கிறதாம். "இதுதான் விசுவாசம். நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். பாலக்காட்டுத் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடித்தார்.

ஜிதின் கையைத் தூக்கினான். "மேடம், குடும்பத்துல ஒருத்தனை வெளியே விடணும்னா மும்பைலேர்ந்து ஃபோன் செய்வாங்களா?"

சிரிப்பு எழுந்தது. மேடமும் சிரித்துவிட்டு, "கால் வந்தா எடுங்க. பயப்படாதீங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றார். நல்லதுக்கு என்று சொல்லித்தான் குப்பண்ணனையும் அனுப்பினார்கள்.

அதிக ஷிஃப்ட் நின்றவர் என்று தனபாலண்ணனைக் கூப்பிட்டு ஒரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் டி-ஷர்ட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, "சோறு போட்ட எடமுங்க. இத உட்டா வேற எடம் தெரியாதுங்க" என்றார். கைதட்டினார்கள். மேடம் கண் கலங்கினார் என்றே நினைக்கிறேன். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அங்கே கைதட்டாமல் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேனேஜர் வெங்கி சார் அன்று கேக் சாப்பிடவில்லை. கல்பாத்திக்காரர். யார் யாருக்கு அழைப்பு போகிறது என்று மேனேஜர்களிடம் சொல்வதில்லை, தெரிந்தாலும் அவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு. அவருடைய பெயரும் அந்த வரிசையில் எங்கோ இருக்கலாம். கூட்டம் முடிந்து தனபாலண்ணன் டோக்கன் வாங்க வரும்போது, வெங்கி சார் கேட்டருகே நின்று, பெட்டி வரிசையைப் பார்த்தபடி பேசினார்.

"தனபால், ஃபோனை ஏன் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேள்?"

"உள்ள போறனுங்களே சார்."

"உள்ளே போறச்சே சரி. வெளியே வரச்சே ஆன் பண்ணுங்கோ. கேட்டேளா? ஒரு கால் வந்தா எடுத்துப் பேசிடுங்கோ."

தனபாலண்ணன் அவரையே பார்த்தார். "எனக்கு வந்திருக்குதுங்களா சார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும் பறையப்படாது. நான் சொல்றது இதான், எல்லா ஃபோனும் அதுக்கில்லை."

"வேற எதுக்குங்க சார் மும்பைலிருந்து என்னையக் கூப்புடறாங்க? சவுக்கியம் கேக்கவா?"

வெங்கி சார் வாயைத் திறந்தார். மேலே காமிரா இருந்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எடுத்துப் பேசுங்கோ, அவ்வளவுதான்" என்று போய்விட்டார்.

தனபாலண்ணன் என் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா தம்பி. மேனேஜருக்கே அவசரம். நானா எடுத்துப் பேசிப்போட்டா இவரு கையில அழுக்குப் படாதல்லோ."

எனக்கு வெங்கி சாரின் குரலில் அப்படி எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லை அடுக்குவதற்குள் அவர் ஃபோனை எடுத்துக் கறுப்புத் திரையில் முகம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

அதன் பிறகு அவர் வெளியே வருவது இன்னும் குறைந்தது. தூக்கமில்லாமல் கண்ணோரம் சிவந்து கிடந்தது. ஒரு மத்தியானம் நான் லாரிக் காகிதங்களோடு கேண்ட்ரிக்குப் போனபோது, லாரி டேங்க்கில் டீசல் போகவேண்டிய அறையில் பெட்ரோல் குழாயை இறக்கப்போனார். ஜிதின் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். குழாய் மேலே போய், சரியான குழாய் கீழே வந்தது. லாரி நகர்ந்த பிறகு ஜிதின் மெதுவாகச் சொன்னான்:

"சேட்டா, வீட்டுல போய் ஒறங்கு. நான் பாத்துக்கறேன்."

"வெளிய போனா ஃபோன் அடிக்குது கண்ணு."

"ஆஃப்ல அல்லே இருக்கு!"

"ஆஃப்ல இருந்தாலும் அடிக்குது" என்றார். நாங்கள் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றோம்.

மாதக் கடைசியில், காலை ஷிஃப்ட் மும்முரமாக ஓடும்போது, ஆசீர்வாதத்தின் மேஜையிலிருந்த பழைய டெலிஃபோன் அடித்தது. அதற்கு யாரும் பயந்ததில்லை. அது லாரிச் சங்கத்துக்காரர்களுக்கும் தண்ணீர் லாரிக்காரனுக்குமான ஃபோன். ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். வைத்துவிட்டு வெங்கி சாரின் அறைக்குப் போனார். நானும் எழுந்து அந்த அறை வாசல்வரை போனேன்.

"மும்பைலேருந்து சார். தனபாலண்ணனுக்கு இன்னியோட கேட் பாஸ் கட்டாம். உள்ள விடக்கூடாதுங்கறாக."

"அவர் உள்ளேதானே இருக்கார்."

"அதான் சார் சொன்னேன். இருந்தா வெளிய கூட்டியாந்துருன்னுட்டு வச்சுட்டாக. நான் போகமாட்டேன் சார். வேணும்னா என் பாஸையும் சேத்துக் கட் பண்ணச் சொல்லுங்க."

வெங்கி சார் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, ஃபோனைப் பெட்டியில் வைத்து, டோக்கன் வாங்கினார். என்னைப் பார்த்து, "லாரிப் பேப்பர் இருக்கோ? எடுத்துண்டு வா" என்றார். தனியாகப் போக அவரால் முடியவில்லை.

கேண்ட்ரியில் தனபாலண்ணன் ஒரு லாரியின் மேலே நின்று குழாயைப் பிடித்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. குழாய் இறங்கி எண்ணெய் ஓடத் தொடங்கினால், அதைப் பிடித்திருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது. கவனம் ஒரு நொடி சிதறினால் எண்ணெய் பொங்கி வழியும். தூண்களிலெல்லாம் மஞ்சள் பெயிண்டில் அதை எழுதியிருக்கும். வெங்கி சார் தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

தனபாலண்ணன் மேலேயிருந்து அவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை எடுத்து எண்ணெய் ஏறுவதைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த லாரி நிறைந்தது. மூடி போட்டு, சீல் வைத்து, சீலை இழுத்துப் பார்த்தார். வெங்கி சார் ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் ஜிதின் பின்னாலிருந்த லாரிக்குக் கையை வீசினான். முந்தின லாரி முழுவதும் நகர்வதற்குள் அடுத்தது வந்து நின்றது. எர்த் ஒயரை மாட்டினான். தனபாலண்ணன் தரைக்கு இறங்காமல் மேடையிலிருந்தே அந்த லாரிமேல் கால் வைத்துக் குழாயை இறக்கினார். வெங்கி சார் வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

டிரைவர்களுக்கு எப்படி விஷயம் போனதோ தெரியாது. டீ குடிக்கப் போன டிரைவர்களெல்லாம் ஓடிவந்து வண்டியைக் கிளப்பினார்கள். ஒருவர் பின்னால் ஒருவராக, இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டி வந்தார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, பேசவுமில்லை. எண்ணெய் ஓடும் சத்தம் மட்டும். வெங்கி சார் வெயிலில் வியர்த்து ஒழுக நின்றார். அவர் நினைத்திருந்தால் அவசர ஸ்விட்சைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். அது அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அத்தனை நாள் தூக்கம் கெட்டிருந்தவர் அன்று ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கடைசியாக வந்தது ஆனைகட்டிக்குப் போகும் சின்ன வண்டி. நிரப்பி முடித்து, சீல் வைத்து, மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார். அதன் டிரைவர் சென்னிமலை தலையை வெளியே நீட்டி, "நான் வேணா எறக்கிப்போட்டு இன்னொருக்கா வரட்டுங்களாண்ணா?" என்றார்.

"அட போ சாமி" என்றார் தனபாலண்ணன். "பங்க்குல சனம் நிக்கும்."

இறங்கி வந்து குழாயடியில் கை கழுவினார். வெங்கி சார் பக்கத்தில் போனார்.

"தனபால்..."

"சொல்லாதீங்க சார். நீங்க சொல்லாட்டி நான் நாளைக்கும் வரலாமுங்களா?"

வெங்கி சார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அந்த ஃபோனை எடுத்திருக்கப்படாதோ, தனபால்" என்றார்.

"எடுத்திருந்தா அன்னைக்கே போயிருப்பனுங்க சார். இத்தன நாளாச்சும் இருந்தேன்."

கேட்டில் டோக்கனை ஆசீர்வாதத்தின் கையில் கொடுத்தார். ஆசீர்வாதம் அதை வாங்கி மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். தனபாலண்ணன் பெட்டியைத் திறந்து, உறையிலிருந்து ஃபோனை எடுத்து ஆன் செய்தார். அது உயிர் பெற நேரமெடுத்தது. பிறகு தவறிய அழைப்புகளின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எதையும் படிக்கவில்லை. மும்பை நம்பர் ஒன்றைத் தொட்டுக் காதில் வைத்தார். இந்த எண்ணுக்கு அழைப்புகள் ஏற்கப்படுவதில்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அது எனக்கும் கேட்டது. கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அடுத்து வீட்டுக்குப் பேசினார். "கோமதி, வந்துட்டிருக்கறேன். ஆமா, இப்பத்தான். அட ஒண்ணுமில்ல, சோறாக்கி வை."

வண்டியை உதைத்துக் கிளப்பி, சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போனார். தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட் கம்பெனியுடையது. கழற்ற மறந்திருந்தார். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நிறையப் பேருக்கு அழைப்பு வந்தது. ஜிதின் துபாய்க்குப் போனான். வெங்கி சாரும் வேலை போய், கல்பாத்தியில் வீட்டோடு இருந்தார். என்னை வைத்திருந்தார்கள். கேண்ட்ரியில் இப்போது பேச்சுக் கூடாது என்ற மஞ்சள் எழுத்துக்கு வேலையில்லை, பேச ஆளில்லை. எனக்கு வேறு இடம் பார்க்கத் துணிவும் வரவில்லை.

சித்திரைக் கனிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்துக்குப் போனேன். தனபாலண்ணன் பக்கத்து ஊர்க் கொப்பரைக் களத்தில் எடை போடுகிற வேலையில் இருந்தார். இளைத்திருந்தார், ஆனால் நன்றாகத் தூங்குகிறவரின் கண் இருந்தது. கோமதியக்கா சோறு போட்டார். கம்பெனியைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"அத்தன விசுவாசமா இருந்தவர இப்படிப் பண்ணிப்போட்டாங்களே தம்பி" என்றார். "அவங்க கூப்புட்டப்பவே போயிருக்கோணும். எனக்கென்ன தெரியும்."

"யார் கூப்பிட்டாங்கக்கா?"

"அதுங்களா? இவரு உள்ளயே கெடந்தாரல்லோ, அப்ப என்ற நம்பருக்கு ஒரு பொண்ணு கூப்புட்டுது. தேவ்சாகர்னு ஏதோ கம்பெனியாம். கொச்சியில வேல இருக்குது, உங்க ஊட்டுக்காரரு வருவாரான்னு கேட்டுது. முன்னாடியும் ரெண்டு கம்பெனிக்காரங்க ஊடு தேடி வந்து இழுத்துப் பாத்தவங்கதான். நான் வெடுக்குனு சொல்லிப்போட்டேன். எங்க ஊட்டுக்காரரு மேனன் கம்பெனிய உட்டுப்போட்டு எந்தக் கம்பெனிக்கும் வரமாட்டாருங்க, இனிமே கூப்புடாதீங்கன்னு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

தனபாலண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அடுத்தாப்புல நான் ஊட்டுக்கு வந்தன்னைக்கே சொன்னாளுங்க தம்பி. செரியாத்தான் சொல்லியிருக்கறேன்னு நாந்தான் சொன்னேன். ஆபத்துக் காலத்துல உட்டுப்போட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் வெங்கி சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்போது அவர் எதையும் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் டெர்மினலை வாங்கிய மும்பைக்காரர்கள் கொச்சியில் நடத்தும் டெர்மினலின் பெயர்தான் தேவ்சாகர். அங்கே கேண்ட்ரிக்கு ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ் தேவைப்பட்டது. எங்கள் ஆட்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, தனபாலண்ணனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் ஃபோனை எடுக்காததால் வீட்டு நம்பருக்குப் பேசினார்களாம். வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டதால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவரையும் குறைக்கிறவர்களோடு சேர்த்துவிட்டார்களாம்.